தசரா, தீபாவளி, சஷ்டி, திருக்கார்த்திகை: வேலைக்குப் போற வீடு இந்த வருஷம் எப்படிச் சமாளிக்கலாம்?

கேள்வி கேட்ட தங்கச்சியோட நிலைமையை முதல்ல சொல்லிடுறேன், மத்தவங்களுக்கும் புரியணும்ல. பாளையங்கோட்டையில வீடு. அவங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரியில அக்கவுண்ட்ஸ் வேலை. வீட்டுக்காரருக்கு வண்ணார்பேட்டையில டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, வருஷா வருஷம் குலசைக்கு, அதாவது குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு, மாலை போடுறவர். மக பத்தாம் வகுப்பு, பையன் மூணாம் வகுப்பு. கூட இருக்கிற அத்தைக்கு 74 வயசு, முழங்கால் வலி, ரயில்வே குடும்ப பென்ஷன் வருது. அம்பாசமுத்திரம் பக்கம் கொஞ்சம் நஞ்சை இருக்கு. தீபாவளிக்கு சென்னையிலிருந்து மைனி, அதாவது வீட்டுக்காரரோட கூடப் பிறந்தவங்க, குடும்பத்தோட வர்றாங்க. "புரட்டாசி பிறந்தா கார்த்திகை முடியுற வரைக்கும் மூச்சு விட நேரமில்ல. ஒரு டைம்டேபிள் போட்டுத் தாங்க"ன்னு கேட்டிருக்கீங்க.

டைம்டேபிள் போட்டுத் தரலாம். ஆனா நம்ம ஊர்ல ஒரு மழை லீவு விட்டாலே அது கிழிஞ்சிரும். காலையில ஆறு மணிக்கு இது, ஏழு மணிக்கு அதுன்னு எழுதுறதை விட்டுட்டு, காலண்டர்ல ஒவ்வொரு நாளுக்கும் நேரா "இன்னைக்கு வீட்டு வேலைக்கு யார் யார் இருக்காங்க"ன்னு மட்டும் எழுதுங்க. நீங்க கேள்வியில பெரியவங்க மூணு பேர்னு கணக்கு போட்டிருக்கீங்க. மாலை போட்டவர் விரதத்துல, கடையில தீபாவளி வியாபாரம், அத்தைக்குக் கால் வலி. உள்ளபடி பார்த்தா பல நாள் நீங்க ஒருத்தர்தான். அந்த நாள்கள் எதுன்னு முன்னாடியே தெரிஞ்சா, அன்னைக்கு எந்த வேலையும் வராமப் பார்த்துக்கலாம். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் விவரம்.

முதல்ல தேதி. திருக்கார்த்திகை தவிர இந்த மூணு மாசமும் அமாவாசையை வச்சுத்தான் ஓடுது. மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குது, பத்தாம் நாள் குலசையில சம்ஹாரம், அடுத்த அமாவாசையை ஒட்டி தீபாவளி, அதுக்கு அடுத்த ஆறு நாள் சஷ்டி. 2026-ல அதிக மாசம், அதாவது அமாவாசைக் கணக்குல கூடுதலா ஒரு மாசம், வந்ததால தசரா, தீபாவளி, சஷ்டி எல்லாம் தள்ளிப் போச்சு. மகாளய அமாவாசை அக்டோபர் 10 சனிக்கிழமை, அதுவும் புரட்டாசிச் சனி. விஜயதசமி அக்டோபர் 20 செவ்வாய். தீபாவளி நவம்பர் 8 ஞாயிறு. திருக்கார்த்திகை நவம்பர் 24 செவ்வாய்.

போன வருஷத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. 2025-ல விஜயதசமி அக்டோபர் 2-ல வந்துச்சு, தசரா பாதிக்கு மேல காலாண்டு லீவுக்குள்ளேயே முடிஞ்சது, பிள்ளைங்க வீட்ல இருந்தாங்க. தீபாவளி அக்டோபர் 20, திருக்கார்த்திகை டிசம்பர் 3. நடுவுல 44 நாள் கிடைச்சது. இந்த வருஷம் தீபாவளிக்கும் திருக்கார்த்திகைக்கும் நடுவுல 16 நாள்தான். அதுக்குள்ள சஷ்டி, கார்த்திகை ஒண்ணாம் தேதி ஐயப்பன் மாலை, உங்களுக்கு நடவு வேற. காலாண்டுத் தேர்வு வழக்கமா செப்டம்பர் கடைசியில முடிஞ்சிரும், அதனால தசரா பத்து நாளும் காலாண்டு லீவுக்கு வெளியில வருது. போன வருஷம் சமாளிச்ச மாதிரியே இந்த வருஷமும் சமாளிச்சிரலாம்னு இருந்தா, நவம்பர்ல திணறிப் போவீங்க.

அதனால என் யோசனை: தள்ளி வைக்க முடியாத வேலை எல்லாத்தையும் அக்டோபர் 10-க்கு முன்னாடி முடிச்சிருங்க. ஆவணியில இருந்து புரட்டாசி நடு வரைக்கும் வெயில் இருக்கும். மிளகாய், மல்லி காய வச்சு அரைக்கிறது, இட்லிப்பொடி, பருப்புப்பொடி எல்லாம் அப்பவே. ஐப்பசியில மொட்டைமாடியில மிளகாயைப் பரப்பிட்டு ஆஸ்பத்திரியில உக்காந்து வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. கொலு வைக்கிற வீடுன்னா பொம்மைப் பெட்டியை அப்பவே இறக்கித் துடைச்சு வச்சிருங்க. ஒட்டடை அடிக்கிறதும் ஒரே தடவைதான். ஆயுத பூஜைக்கு ஒண்ணு, தீபாவளிக்கு ஒண்ணுன்னு ரெண்டு தடவை வீட்டைக் கவிழ்க்க வேண்டாம். ஜவுளியும் தையலும்கூட புரட்டாசியிலேயே. தீபாவளி நெருங்குனா டெய்லர் துணியை வாங்க மாட்டார், டவுன் ரத வீதியிலயும் வண்ணார்பேட்டையிலயும் கால் வைக்க முடியாது. மகளுக்கு மட்டும் அளவு கொஞ்சம் விட்டுத் தைக்கச் சொல்லுங்க, வளர்ற பிள்ளை.

இனி குலசை. இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா உங்க கஷ்டத்துல பாதி இங்கதான் இருக்கு. முத்தாரம்மனுக்கு 48 நாள், 41 நாள், 21 நாள்னு அவங்கவங்க நேர்ச்சைப்படி மாலை போடுவாங்க. கொடியேறின பிறகு காப்பு கட்டி, வேஷம் போட்டு, ஊர் ஊராப் போயி காணிக்கை எடுத்து, பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில மகிஷாசுர சம்ஹாரம் பார்த்துட்டு, மறுநாள் காப்பு அவிழ்ப்பாங்க. வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு பத்து நாள் திருவிழா. வீட்ல இருக்கிற பொம்பளைக்கு அது ஒண்ணரை மாசம். தனிப் பாத்திரம், தனிச் சமையல், குளிச்சிட்டுத்தான் அடுப்பு, வீட்ல கவிச்சி கிடையாது. பிள்ளைங்க முட்டை கேட்டா அதுக்கும் பதில் சொல்லணும்.

இதுல உங்க வீட்டுக்காரர்கிட்ட மாலை போடுறதுக்கு முன்னாடியே உக்காந்து பேச வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, நேர்ச்சை எத்தனை நாள். இந்த வருஷம் கொடியேத்தத்துல இருந்து தீபாவளிக்கு ஒரு மாசம்கூட இல்ல. கடைக்குச் சரக்கு எடுக்கிறதும் அப்பதான். 41 நாள் நேர்ந்திருந்தா அதைக் குறைக்கச் சொல்ல நான் யாரு, ஆனா எத்தனை நாள்னு முடிவு பண்ணாம வழக்கப்படி போட்டுக்கிட்டு வர்றவர்னா 21 நாள் போதுமான்னு கேட்டுப் பாருங்க. ரெண்டாவது, உங்களுக்குத் தூரம் (மாதவிலக்கு) ஆகுற நாள்ல சமையல் யார். எல்லா வீட்லயும் இந்தப் பேச்சு கடைசி நேரத்துல சண்டையாத்தான் வருது. அவர் கூட மாலை போட்டு வேஷம் கட்டுற தசரா செட்டுக்கு குடில் இருந்தா அந்த நாள்ல அவர் சாப்பாடு அங்கேயே ஆகட்டும். அப்படி இல்லைன்னா அத்தை உக்காந்தபடி சொல்ல, அவரே ஒரு சோறும் ரசமும் வச்சுக்கட்டும். குலசைக்கு மாலை போடுறவங்க பலபேர் தானே பொங்கித்தான் சாப்பிடுறாங்க, அதுல குறைச்சல் ஒண்ணுமில்ல. தள்ளிப் போடுறதுக்கு நீங்களா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடாதீங்க. டாக்டரைக் கேக்காம அது கூடவே கூடாது.

பத்தாம் நாள் ராத்திரிக்கு பத்தாம் வகுப்புப் பிள்ளையையும் அத்தையையும் கூட்டிட்டுப் போறது எனக்குச் சரியாப் படல. சம்ஹாரம் முடியும்போது நடுச்சாமம். திருச்செந்தூர் ரோட்டுல வண்டி நகராது, விடிய விடிய நிக்கணும். மறுநாள் புதன்கிழமை, பள்ளிக்கூடம். நடுவுல ஒரு நாள், அக்டோபர் 17 சனிக்கிழமை காலையில போயி அம்மனைப் பார்த்துட்டு மத்தியானம் திரும்பிருங்க. அத்தைக்கும் நிம்மதி. ராத்திரித் திருவிழாதான் வேணும்னா உங்க வாசல்லயே இருக்கே, பாளையங்கோட்டை தசராவுக்குச் சப்பரங்கள் வரிசையா வரும்போது பார்த்தாப் போதாதா? அந்த ராத்திரியெல்லாம் தெருவை அடைச்சிருப்பாங்கன்றதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. அத்தையோட மாத்திரை, பால், கேஸ் எல்லாத்தையும் சாயங்காலத்துக்கு முன்னாடி பார்த்துக்கணும்.

சாப்பாட்டுக்கு, விரத நாளுக்கும் மழை நாளுக்கும் சேர்த்து ஒரே வழி: கெடாம இருக்கிற தொட்டுக்கிறது நாலஞ்சு வகை எப்பவும் வீட்ல இருக்கணும். நம்ம புளிமிளகாய் இதுக்குன்னே உள்ளது. பச்சைமிளகாயை நல்லெண்ணெய்ல வதக்கி, புளியைக் கெட்டியாக் கரைச்சு ஊத்தி, எண்ணெய் பிரியுற வரைக்கும் சுண்ட விட்டு, கடைசியில துளி வெல்லம். தண்ணிக் கரண்டி படாம எடுத்தா ஃப்ரிட்ஜ் இல்லாமலே நாலு நாள் நிக்கும், இட்லிக்கும் ஆகும், மோர்சோத்துக்கும் ஆகும். கரண்ட் இல்லாத ராத்திரியில அருமை தெரியும்.

தீபாவளிப் பலகாரத்துக்கு வர்றேன். வீட்ல அஞ்சு வகை செய்யணும்னு யாரும் விதிச்சு வைக்கல. அல்வா டவுன்லயே கிடைக்கு, அதைக் கிளற நிக்காதீங்க. மிக்சரும் கடையில வாங்கிக்கலாம். வீட்ல ரெண்டே ரெண்டு, முந்திரிக்கொத்தும் முறுக்கும். முந்திரிக்கொத்தை நான் சொல்றதுக்குக் காரணம் அதை ரெண்டு நாளாப் பிரிச்சுச் செய்யலாம். சிறுபயறை வாசம் வர வறுத்து, ஒண்ணு ரெண்டா இல்லாம கொஞ்சம் நைசாவே திரிச்சு, தேங்காய்த்துருவலை ஈரம் போக வறுத்து, எள்ளு, ஏலக்காய் சேர்த்து ஒரு நாள் ராத்திரி டப்பாவுல போட்டு வச்சிரலாம். மறுநாள் பாகு காய்ச்சி ஊத்தி உருட்டணும். பாகு ஆறுறதுக்குள்ள உருட்டியாகணும், அதுக்கு ஆள் வேணும். அத்தைக்கு நிக்கத்தான் முடியாது, நாற்காலியில உக்காந்து உருட்டுறதுக்கு என்ன? பையனும் உருட்டுவான், ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதா வரும், இருந்துட்டுப் போகுது. பிறகு அரிசிமாவுக் கரைசல்ல முக்கிப் பொரிச்சா முடிஞ்சது. தேங்காய் ஈரம் இல்லாம வறுத்திருந்தா ரெண்டு வாரம் தாங்கும், அதாவது அக்டோபர் கடைசி சனி ஞாயிறுல செஞ்சா மைனி வரும்போதும் இருக்கும். முறுக்கை மைனி வந்த பிறகு வச்சுக்கோங்க. விருந்தாளியை உக்கார வச்சுட்டு நீங்க ஒருத்தரே அடுப்படியில நிக்கிற பழக்கத்தை விடுங்க. "மைனி, நீங்க பிழிஞ்சாத்தான் முறுக்கு சுத்து நல்லா வரும்"னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவங்களுக்கும் பிறந்த வீட்டு அடுப்படியில உரிமையா நின்ன மாதிரி இருக்கும்.

அவங்க டிக்கெட் விஷயம். ரயில் முன்பதிவு இப்ப 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, 2024 நவம்பருக்கு முன்னாடி 120 நாளா இருந்தது. நவம்பர் 6 வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில ஏறணும்னா செப்டம்பர் 7 காலையில எட்டு மணிக்குப் போட்டாகணும். நெல்லை எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்லாம் தீபாவளிக்கு நிமிஷக் கணக்குல தீர்ந்துரும். போற டிக்கெட்டையும் அதே வாரத்துல எடுத்திரச் சொல்லுங்க. அவங்க எந்த நாள் திரும்பிப் போறாங்கன்றது உறுதியானாத்தான் சஷ்டிக்கு நீங்க என்ன செய்யுறதுன்னு முடிவு பண்ண முடியும்.

சஷ்டி விரதம் இருக்கீங்களான்னு நீங்க சொல்லல. இருக்கிறவங்கன்னா, இந்த வருஷம் ஆறு நாளும் பால் பழம்னு இருக்காம ஒரு வேளைச் சாப்பாட்டோட இருங்க. வேலைக்கும் போயிட்டு, மழையில பஸ் பிடிச்சுட்டு, பட்டினியும் கிடந்தா மயக்கம் வரும். முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

நஞ்சை. இங்கதான் எந்தத் திட்டமும் நம்ம கையில இல்ல. பிசான நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணை எப்ப திறப்பாங்கன்றது மழையையும் அணை மட்டத்தையும் பொறுத்தது. 143 அடி அணையில எவ்வளவு நிக்குதுன்னு தினமும் பேப்பர்ல வரும், அதை உங்க வீட்டுக்காரர் எப்படியும் பார்ப்பார். கால்வாயில தண்ணி வந்ததும் நாத்து பாவணும், பிறகு ஒரு மாசத்துக்குள்ள நடவு. தேதியை நடவு ஆள்தான் சொல்வாங்க, நாம சொல்ல முடியாது. அதனால ஐப்பசி ரெண்டாம் பாதியிலயும் கார்த்திகை முதல் வாரத்துலயும் ஒவ்வொரு ஞாயிறை எதுவும் எழுதாம விட்டு வைங்க. கல்யாண வீடு, காதுகுத்துன்னு அந்த நாளுக்குப் பத்திரிகை வந்தா நீங்களோ அத்தையோ யாராவது ஒருத்தர் போயி மொய் எழுதிட்டு வந்தாப் போதும். நடவுக்கு நீங்களும் போயி நின்னு சோறு ஆக்கணும்னு இல்ல, அம்பையிலேயே சாப்பாடு சொல்லிரலாம். ஊர் வாய் என்ன சொல்லும்னு நினைச்சா நடவு முடியுறதுக்குள்ள நீங்க படுத்துருவீங்க.

மழைக்கு ஒரு பை. 2023 டிசம்பர் 17, 18-ல என்ன நடந்துச்சுன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு எண்ணூறு பேர் மாட்டிக்கிட்டாங்க. ஜங்ஷன் பக்கம் வெள்ளம், கரண்ட் இல்ல, போன் இல்ல. திருவிழா எல்லாம் முடிஞ்சு ஆசுவாசமா உக்காந்த நேரத்துல வந்தது அது. அதனால ஐப்பசியில கட்டின பையை மார்கழி முடியுற வரைக்கும் அவிழ்க்காதீங்க. ஆதார், ரேஷன் கார்டு, அத்தையோட பென்ஷன் புத்தகம், நிலத்துப் பட்டா, மகளோட சான்றிதழ் எல்லாம் ஜிப் கவர்ல. அத்தைக்குப் பத்து நாள் மாத்திரை தனியா. டார்ச், சார்ஜ் ஏத்தின பவர் பேங்க், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கொஞ்சம் சில்லறைப் பணம். கரண்டும் டவரும் இல்லைன்னா ஜிபே ஓடாது, பால்காரருக்குக் கையில காசு வேணும். மழை வலுக்கும்னு சொன்ன அன்னைக்கே கேன் தண்ணியை ரொப்பி வச்சிருங்க, குழாய்ல மறுநாள் வராது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை நம்பர் 1077-ஐ போன்ல மட்டும் வைக்காம ஃப்ரிட்ஜ் மேலயும் எழுதி ஒட்டுங்க. பாளையங்கோட்டை மேட்டுப் பகுதின்னு வீட்டைப் பத்திக் கவலை குறைவா இருக்கலாம், ஆனா கடை இருக்கிறது வண்ணார்பேட்டையில. கீழ் ரேக்குல இருக்கிற சரக்கை ஐப்பசியிலேயே இடுப்பு உயரத்துக்கு மேல ஏத்திரச் சொல்லுங்க. தாமிரபரணி ஆத்துக்குள்ள இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோவிலுக்குள்ள தண்ணி புகுந்துருச்சுன்னு கேட்ட பிறகு ஏத்துறதுக்கு நேரம் இருக்காது.

மழையோட கொசுவும் வரும். டெங்குக் கொசு முட்டையில இருந்து பறக்கிற வரைக்கும் ஒரு வாரத்துக்குச் சொச்சம் ஆகும், அதனால வாரம் ஒரு தடவை தேங்கின தண்ணியைக் கொட்டினாப் போதும். இது மூணாம் வகுப்புப் பையனோட வேலை. ஞாயிறு காலையில ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டு, பூந்தொட்டித் தட்டு, கொல்லையில கிடக்கிற ஆட்டுரல், சிரட்டை எல்லாத்தையும் பார்த்துட்டு வந்து "கொட்டிட்டேன்"னு சொல்லணும். ஃப்ரிட்ஜ் தட்டை மட்டும் நீங்க எடுத்துக் கொடுங்க. வேணும்னேதான் இதைப் பையனுக்குக் கொடுக்கச் சொல்றேன். நிறைய வீட்ல பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைதான் பாத்திரம் கழுவுது, தம்பி டிவி பார்க்கான். அரையாண்டு டிசம்பர்ல இருக்கு, மழை லீவு விட்டா சனிக்கிழமை வகுப்பு வைப்பாங்க, அவளுக்கு இந்த மூணு மாசமும் வீட்டு வேலை குறையத்தான் செய்யணும். மழை லீவு அன்னைக்கு அவளை மட்டும் ஒரு ரெண்டு மணி நேரம் தொந்தரவு பண்ணாம விடுங்க, அது போதும். யாருக்காவது காய்ச்சல் ரெண்டு நாள் தாண்டினா ரத்தம் பார்த்திருங்க, வலி மாத்திரை நீங்களா கொடுக்காதீங்க.

திருக்கார்த்திகை செவ்வாய்க்கிழமை வருது, வேலை நாள். ஓலைக் கொழுக்கட்டை இல்லாம நம்ம வீட்ல கார்த்திகை கிடையாது, அதை விடச் சொல்ல மாட்டேன். பச்சரிசி மாவை முந்தின ஞாயிறே வறுத்து வச்சுக்கோங்க, கருப்பட்டியைத் தட்டிப் பாகு காய்ச்சி வடிகட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சிரலாம். அன்னைக்குச் சாயங்காலம் மாவு, பாகு, தேங்காய், ஏலக்காய், சுக்கு பிசைஞ்சு குருத்தோலையில வச்சு இட்லிப் பானையில ஏத்தினா அரை மணி நேரம். ஓலையை மட்டும் ரெண்டு நாளுக்கு முன்னாடியே சொல்லி வைங்க, அன்னைக்குச் சந்தையில இரட்டை விலை சொல்வாங்க. வயலுக்குப் போற உங்க வீட்டுக்காரர் ஊர்ல இருந்தே ஒரு கட்டு கொண்டுவந்தா இன்னும் நல்லது.

கடைசியா நீங்க கேக்காத ஒண்ணு. அத்தைக்கு ரயில்வே பென்ஷன்னு சொன்னீங்க, அப்ப நவம்பர்ல உயிர்வாழ்ச் சான்று கொடுக்கணும். நவம்பர் 30-க்குள்ள கொடுக்கலைன்னா பென்ஷன் நின்னுரும், பிறகு கொடுத்தாத்தான் மறுபடி வரும். தீபாவளி, சஷ்டி, நடவு, கார்த்திகைன்னு ஓடுற மாசத்துல இதை மறக்கிறது ரொம்பச் சுலபம். முழங்கால் வலியோட அவங்களை பேங்க் படி ஏத்த வேண்டாம். போன்ல ஜீவன் பிரமாண் செயலியில முகத்தைக் காட்டியே முடிக்கலாம், இல்லைன்னா தபால்காரர்கிட்ட சொன்னா வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுப்பார், சின்னக் கட்டணம்தான். வயசானவங்களுக்குக் கைரேகை சில நேரம் விழாது, அதனால முகத்தையே முதல்ல முயற்சி பண்ணுங்க. மைனி வந்து நிக்கிற தீபாவளி மறுநாள், திங்கட்கிழமை காலையில காப்பி குடிக்கும்போதே இதை முடிச்சிருங்க. அவங்க பிள்ளைங்க யாராவது போனைப் பிடிச்சுக்கிட்டாப் போதும். "முடிந்தது"ன்னு வர்ற நம்பரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த மழைப் பையில இருக்கிற பென்ஷன் புத்தகத்துலயும் ஒரு தடவை எழுதி வச்சிருங்க.